வந்து சேராத ஐந்து மாதங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஒரு வி.எம்.மை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றுவது பற்றி ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். கேட்டவர் நல்ல மனிதர். ஓய்வு பெற்றுவிட்டு வீட்டில் பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருக்கிறேனே என்று இரங்கிக் கேட்டிருப்பார். எப்படி மாற்றுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு இப்போது ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள், திரும்பி வரும்போது முடிந்திருக்கிறது. எனக்கு எழுத இருப்பது, "முடிந்துவிட்டது" என்று நான் என் வாயால் சொன்ன ஒரு நாளைப் பற்றி மட்டும்தான்.

எங்கள் தொழிலில் இல்லாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பெரிய சேர்வருக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் நடக்க வைக்கலாம். அந்த ஒவ்வொன்றும் ஒரு வி.எம். உள்ளே இருப்பவருக்கு அது முழுக் கணினி, வெளியே இருக்கும் எங்களுக்கு அது ஒரு சில பைல்கள். அந்தப் பைல்களைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு ஒரு சேர்வரில், வேறு நிறுவனத்தின் மென்பொருளில் எழுப்பிவிடலாம்.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. கண்டியில் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மாடிக் கடையில் நான் வேலை பார்த்தேன். கீழே புடவைக் கடை, மேலே நாங்கள். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். கொம்பியூட்டர் விற்பது, திருத்துவது, பிறகு புதிதாக ஒரு பெரிய சேர்வர் வாங்கிப் போட்டு சிறிய ஓபிஸ்களின் கணினிகளை, அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே இன்டர்நெட்டால் பாவிக்கும்படி, அதற்குள் வி.எம்.களாக வைத்துப் பராமரிப்பது என்று கடை வளர்ந்திருந்தது. பிந்திய வேலை முழுவதும் என் பொறுப்பு. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஏனென்றால் அந்த நாளில் கண்டியில் அதைச் செய்யத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அந்த வி.எம்.களில் ஒன்று கடுகண்ணாவையில் இருந்த ஒரு சட்டத்தரணியினுடையது. என்னைவிடப் பத்து வயது இளையவர், தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவர். எல்லோருக்கும் அவர் "மிஸ்". சொந்த வீட்டின் முன் அறையில்தான் ஓபிஸ். ஆமியின் தேடுதல்களில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் குடும்பங்கள் அங்கே வரும். யாரை, எங்கே, எத்தனை மணிக்கு, என்ன நிற வாகனத்தில் என்று கேட்டு எழுதி, கையில் இருக்கும் கடதாசிகளை ஸ்கேன் பண்ணி, எல்லாவற்றையும் கணினியில் பதிந்து வைப்பது விஜி என்ற பெண். வத்தேகமப் பக்கத்து ஆள், தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை ஹாஜியார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, நேத்து வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. சிவில் உடுப்பு. ஒங்கட மெஷினுக்குள்ள யாருட யாருட சாமான் ஈக்கின்னு கேட்டாங்க."

"என்ன சொன்னியள் ஹாஜியார்?"

"எனக்கு மெஷின் தெரியாதுன்னு சென்னேன். அது பொய்யும் இல்ல." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்த லோயர் புள்ளயோட எனக்குக் கோவமில்ல. நல்ல வேல செய்றா. ஆனா என்ட கடையில அது ஈக்கக்கூடா. வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு முந்தி எடுத்துடுங்க. எடுத்தா மட்டும் பத்தாது. இங்க ஒரு சொட்டும் மிஞ்சக்கூடா. நான் கண்ணால பாக்கணும்."

அவர்மீது கோபப்பட எனக்கு உரிமை இல்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் ஒரு வீட்டை விட்டு, உடுத்த உடுப்போடு ஓடிவந்தவன் நான். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவருக்குப் பயம் என்றால் எனக்கு அதற்கு மேல்.

மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன். வேண்டியதைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன், ஏனென்றால் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியாது. அவர் சட்டென்று விளங்கிக்கொண்டார். வீட்டில் ஒரு மலிவான சேர்வர் வாங்கிப் போடுவது என்று முடிவாயிற்று. எங்கள் கடையில் இருந்த தளத்துக்குப் பணம் கட்டி உரிமம் எடுக்க வேண்டும், ஆகவே அங்கே இலவசமாகக் கிடைக்கும் வேறு ஒரு தளத்தைப் போடுவதாகச் சொன்னேன். இரண்டும் ஒன்றின் பைலை மற்றது அப்படியே ஏற்றுக்கொள்ளாத சாதி. நடுவில் மாற்றித்தரும் ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு வி.எம்.மின் டிஸ்க் பைலைக் கொடுத்தால் மற்றத் தளத்துக்கு ஏற்றபடி செய்து தரும்.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். ஐந்து மாதங்களுக்கு முன், அந்த வி.எம்.மில் ஒரு புதுப்பித்தல் செய்வதற்கு முன்னால், பிழைத்துப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்து வைத்திருந்தேன். ஸ்னாப்ஷொட் என்றால் படம் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தளத்தில் அது பள்ளிக்கூடத்தில் கொப்பி மாற்றுவது மாதிரி. "இந்தக் கொப்பியில் இனி எழுதாதே, இன்றிலிருந்து மற்றக் கொப்பியில் எழுது" என்று சொல்லிவிடுவது. பழைய பெரிய பைல் அன்றைய தேதியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் பக்கத்தில் இன்னொரு பைலில் சேரும். ஒரு வாரத்தில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கியிருக்க வேண்டும். நான் மறந்துபோனேன். ஐந்து மாதமாக விஜி பதிந்த ஒவ்வொரு சொல்லும் அந்த இரண்டாவது பைலில் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை வி.எம்.மை நிறுத்திவிட்டுக் கோப்புறையைத் திறந்தேன். பெரிய பைல் ஒன்று. பக்கத்தில் பெயருக்குப் பின்னால் எண் போட்ட சில பைல்கள். அவற்றை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். மென்பொருள் தானாக எழுதித் தள்ளும் ஏதோ குப்பை என்று நினைத்தேன். படிக்கட்டில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் எழும்பிப் போய் எட்டிப் பார்க்கிற நேரம் அது. மாற்றும் மென்பொருள் டிஸ்க் பைல் எது என்று கேட்டது, பெரியதைக் காட்டினேன். அது ஒரு குறையும் சொல்லாமல் வேலையை முடித்துக் கொடுத்தது. அந்த மென்பொருளும் என்னை மாதிரித்தான், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்.

வியாழக்கிழமை காலை, வெளியே எடுத்துச் செல்லும் ஒரு ஹாட் டிஸ்க்கில் அதைப் போட்டு, சாப்பாட்டுப் பைக்குள் சோற்றுப் பார்சலுக்குக் கீழே வைத்துக்கொண்டு கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறினேன். பேராதனை தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த இளம் சிப்பாய் என்னை மட்டும் ஒதுக்கி நிறுத்தினான். பையைத் திறந்து பார்சலைத் தூக்கி, கீழே இருந்ததை எடுத்தான்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

ஹாட் டிஸ்க் என்றேன். உள்ளே என்ன என்று கேட்டான். உள்ளே ஒரு முழுக் கொம்பியூட்டர் இருக்கிறது, அது நேற்று வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது என்று உண்மையைச் சொன்னால் என்ன நினைத்திருப்பானோ. ஒரு பள்ளிக்கூடத்தின் பரீட்சைப் புள்ளிகள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் அதைக் கையில் வைத்து நிறை பார்ப்பவன்போல் இரண்டு தரம் ஆட்டினான். தன் தங்கையும் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள் என்றான். பிறகு அதைச் சோற்றுப் பார்சலுக்கு மேலே வைத்துத் தந்தான். பஸ்ஸில் திரும்ப ஏறினேன். அந்த ஹாட் டிஸ்க்கில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். எத்தனை பெயர்கள் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

மிஸ் வாசலிலேயே நின்றார். "பஸ்ல பிரச்சின ஒண்ணும் இல்லையே சார்?"

"இல்லை மிஸ். விஜி எங்கை?"

"வத்தேகமப் பக்கம் காலையிலருந்து ரவுண்ட் அப், ஆமி வீடு வீடா தேடுது. பஸ் ஓடல. வெளிய வராதன்னு சொல்லிட்டேன்."

விஜி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தான் கடைசியாகப் பதிந்ததை அவள்தான் முதலில் தேடியிருப்பாள். அன்று அவள் இல்லை, நான் இருந்தேன். பின்னேரம் மூன்று மணிபோல் புதிய சேர்வரில் வி.எம். எழும்பியது. பழைய நீலத்திரை, பழைய கடவுச்சொல், விஜி வைத்திருந்த பூப் படம், எல்லாம் அப்படியே. பதிவு மென்பொருளைத் திறந்தேன். அது எப்போதும் முதலாம் இலக்கப் பதிவிலிருந்துதான் திறக்கும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பார்த்துக்கொண்டு போனோம். ஸ்கேன்கள் தெளிவாக இருந்தன. மிஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"எல்லாம் வந்திருச்சா சார்?"

"ஓம் மிஸ். முடிஞ்சுது. எல்லாம் வந்திட்டுது."

அந்த ஒரு சொல்லை நான் சொன்னதும் இரண்டு காரியங்கள் நடந்தன. விஜி கையால் குறிப்பெடுத்த கொப்பிகளும் நகல்களும் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. தேடுதல் வந்தால் முதலில் அகப்படுவது அவைதான் என்று மிஸ் பல நாளாகப் பயந்துகொண்டிருந்தார். என்னிடம் கேட்டார். "பேப்பர் என்னத்துக்கு மிஸ், அதுதான் எல்லாம் இதுக்குள்ளை இருக்கே" என்று நான்தான் சொன்னேன். பொழுது சாய முன்னர் பின்புறக் குசினி அடுப்பில் அவற்றைப் போட்டோம். நானும் கைகொடுத்தேன். மறுநாள் காலை கடையில் ஹாஜியார் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க, பழைய வி.எம். இருந்த இடத்தை அழித்து, அதன்மேல் வெறும் பூச்சியங்களாக எழுதி, திரும்பவும் எழுதினேன். நகல் எடுத்து வைத்திருந்த பக்கப் சீடிகளை நானே முறித்தேன். ஹாஜியார் தொழுகைக்குப் புறப்படும்போது என் தோளில் தட்டி, "அல்ஹம்துலில்லாஹ், இனிமேலாவது நித்திர வரும்" என்றார். எனக்கும் அன்று நல்ல நித்திரை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விஜி போன் எடுத்தாள்.

"சார், லிஸ்ட் முழுசா வரலயே. மாசி மாசத்தோட நிக்குது."

"கீழை இறக்கிப் பாரும்."

"கடைசி வரைக்கும் பாத்துட்டேன் சார். நான் போன வாரம் போட்டதெல்லாம் எங்க?"

மாசி என்று அவள் சொன்ன உடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்னாப்ஷொட் எடுத்தது மாசியில். பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தேன். அன்று முழுவதும் அந்த டிஸ்க்கைத் தோண்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். பூச்சியம்தான் வந்தது. என் வேலையை நான் அவ்வளவு திருத்தமாகச் செய்திருந்தேன்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் கடுகண்ணாவைக்குப் போனேன். மிஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். விஜி ஒரு புதுக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்த ஐந்து மாதத்தில் வந்தவர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்தி எழுதிக்கொண்டிருந்தாள். சிலருக்கு ஊர் தெரிந்தது, பெயர் வரவில்லை. சிலருக்கு முகம் மட்டும். "பச்சை சேல, கைக்குழந்த" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அவர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பவும் வழியில்லை, விலாசங்களும் அதற்குள்தான் இருந்தன. எத்தனை பேர் என்று இன்றைக்கும் என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

"மத்தவங்களுக்கு திரும்ப வாக்குமூலம் எடுக்கலாம் சார்," மிஸ் சொன்னார். "பாக்கியம் அம்மாவுக்கு என்ன செய்றதுன்னுதான் தெரியல."

பாக்கியம் வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஒரே மகன் ரமேஷ், கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அவன் தங்கியிருந்த அறையில் தேடுதல் நடந்து அவனைக் கொண்டு போனார்கள். கொண்டு போனவர்களில் ஒருவர் சட்டப்படி ஒரு துண்டு எழுதி அறைச் சொந்தக்காரரிடம் கொடுத்திருக்கிறார். யாரைப் பிடித்தோம், எந்தப் பிரிவு, கீழே ஒரு கையெழுத்து. அப்படித் துண்டு கிடைப்பது அந்த நாளில் அபூர்வம். விஜி அதை ஸ்கேன் பண்ணி ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தாள். பாக்கியம் அசலையும் நகலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மகனைப் பார்க்க முகாம் வாசலுக்குப் போயிருக்கிறார். பார்த்துத் தருகிறோம் என்று வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். திருப்பித் தரவில்லை. பிறகு, அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். ஸ்கேன் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் மிஸ் கண்டி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு எழுதிக்கொண்டிருந்தார். பிடித்ததைப் பிடித்தவர்களே கைப்பட எழுதி ஒப்புக்கொண்ட ஒரே தடயம் அது.

"நாளைக்கு அவங்க வர்ற நாள்," விஜி சொன்னாள். "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வருவாங்க. வாசிக்கத் தெரியாது. ஆனா வந்தா அந்தத் துண்ட ஸ்கிரீன்ல காட்டச் சொல்லுவாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, சரி இருக்குன்னு சொல்லிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவாங்க."

இது எனக்கு அதுவரை தெரியாது. நான் பைல்களைத்தான் பார்த்தேன், அவற்றைப் பார்க்க யார் பஸ் ஏறி வருகிறார்கள் என்று கேட்டதில்லை. சேர்வரில் ஏதோ பழுது, திருத்தக் கொடுத்திருக்கிறோம் என்று அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லலாமா என்று மெல்லக் கேட்டேன். மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் சொல்லணும் சார். உள்ளத சொல்லுங்க."

பாக்கியம் மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். மெலிந்த உருவம், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே விஜியின் மேசைக்குப் போய்த் திரைக்கு முன்னால் நின்றார். நான் எழும்பிப் போய்ச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஸ்னாப்ஷொட் பற்றி ஏதோ உளறியிருக்கிறேன், வெட்கக்கேடு. கடைசியில், "அது அழிஞ்சு போச்சுதம்மா. நான்தான் அழிச்சன்" என்றேன்.

அவர் அழவில்லை. திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொட்டிக்குள்ள நல்லா தேடிப் பாத்தீங்களா ஐயா?"

"பாத்தனான் அம்மா. இல்லை."

"அது முந்தி இருந்திச்சுதானே? நீங்க பாத்தீங்கதானே?"

துண்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கணினியைப் பராமரித்தவன், அதில் பதிவுகள் இருந்தன என்றும் அவை எப்படிப் போயின என்றும் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஓம் என்றேன்.

"அப்ப நீங்க ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க ஐயா. இருந்திச்சு, என் கையால போச்சுன்னு. நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா கோட்டுல கேப்பாங்க."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் தயங்கித்தான் சொன்னார். ஸ்கேன் பண்ணியதாக விஜி நீதிமன்றத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பதிவு எங்கே போனது என்று மற்றப் பக்கம் கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. என்னுடைய சத்தியக் கடதாசியும் சேர்ந்து இருந்தால் இரண்டும் நிற்கும். "வற்புறுத்தல சார். உங்க நிலம எனக்குத் தெரியும்."

என் நிலைமை இதுதான். என் பெயரில், என் யாழ்ப்பாண அடையாள அட்டை இலக்கத்தோடு, பிடிபட்டவர்களின் பதிவுகளை மாதக்கணக்காக நான் வைத்துப் பராமரித்தேன் என்றும், சிவில் உடுப்பில் ஆட்கள் வந்து விசாரித்த அதே வாரத்தில் அவற்றை அழித்தேன் என்றும், நானே எழுதிக் கையெழுத்து வைத்து நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். ஹாஜியாரின் கடைப் பெயரும் அதில் வரும்.

"யோசிச்சுச் சொல்லுறன் அம்மா" என்றேன்.

"சரிங்க ஐயா, யோசிங்க" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணீர் குடிக்காமல் போனார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கென்ன விசரே? உங்களைக் கொண்டு போனால் எனக்கு ஆர் துண்டு தருவினம்? பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் அவள்மீது பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்க முடியாது. அவள் போய்க் கையெழுத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தாலும் நான் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன். அந்த வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. மிஸ் ஒரு தரம் போன் பண்ணினார். காய்ச்சல் என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாடி யன்னலால் பார்க்கிறேன், கீழே புடவைக் கடை வாசலில் பாக்கியம் நிற்கிறார். எப்படியோ இடத்தைக் கேட்டு விசாரித்து வந்துவிட்டார். கையில் ஒரு பை. கடைப் பெண்ணிடம் ஏதோ கேட்டு மேலே கையைக் காட்டினார். நான் யன்னலை விட்டு விலகி, கூட வேலை செய்தவரிடம், என்னைக் கேட்டால் வெளியே போய்விட்டேன் என்று சொல்லும்படி சொன்னேன். அவர் இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "கொஞ்ச நேரம் நிண்டுட்டுப் போறன்னு சொன்னாங்க" என்றார். பக்கத்து அறையில் நான் மூச்சுக் காட்டாமல் முக்கால் மணித்தியாலம் இருந்தேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய தொழில் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுவதற்கு முன்னர் ஸ்னாப்ஷொட் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய பிறகு முதலாவது பதிவைப் பார்க்காதீர்கள், கடைசிப் பதிவைப் பாருங்கள். அதையும் நீங்கள் பார்க்காதீர்கள், அதைப் பதிந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தது என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வரட்டும். அது வரும் வரைக்கும் பழையதில் ஒரு எழுத்தைக்கூட அழிக்காதீர்கள், உங்கள் முதலாளி பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, படிக்கட்டில் யார் ஏறி வந்தாலும் சரி. பிழை எல்லோரும் விடுவார்கள், நீங்களும் விடுவீர்கள். விட்ட பிறகு, இது என் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டிய ஒரு நாள் வரும். அந்த நாளைப் பற்றிச் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. அது எந்த வகுப்பிலும் இல்லை, நான் அதில் சித்தியடையவும் இல்லை.

மனு விசாரணைக்கு வந்தது. விஜி தன் சத்தியக் கடதாசியைக் கொடுத்தாள். இருபத்து மூன்று வயது, வத்தேகம விலாசம், தன் முழுப்பெயர், எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள். நீதிமன்றம் எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். சாயங்காலம் அவள் எனக்குப் போன் எடுத்தாள். மனுவைத் தள்ளிவிட்டார்களாம், கைது செய்ததற்கு ஆதாரம் இல்லையாம்.

"ஸ்கேன் எங்கன்னு கேட்டாங்க சார். நான் இருந்திச்சுன்னு சொன்னேன். அப்ப கொம்பியூட்டர பாத்தவர் யாரு, அவர் வந்திருக்காரான்னு கேட்டாங்க. மிஸ் ஒண்ணும் சொல்லல." பிறகு சொன்னாள். "பாக்கியம் அம்மாவுக்கு சிங்களம் வெளங்காதுதானே. என்ன கேட்டாங்கன்னு என்கிட்ட கேட்டாங்க, சொன்னேன். அதுக்கப்புறம் முடியிற வரைக்கும் அவங்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க சார்."

நான் அன்று முழுவதும் கடையில்தான் இருந்தேன். ஒரு பிரின்டரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.